ஸ்கிரீ, டேலஸ், அரிப்பு: தமிழ்ல எது எதுக்கு?

மலைச்சரிவுல உதிர்ந்து குவிஞ்சு கெடக்கிற கூர்கூரான உடைகல்லுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு பேரு, ஸ்கிரீ, டேலஸ். ஸ்கிரீயோட வேர் பழைய நார்ஸ் மொழியில இருக்கு, அங்க அதுக்கு மலை சரிஞ்சு விழுறதுன்னு அர்த்தம். டேலஸ் பிரெஞ்சு, சாய்வான கரை. ரெண்டு பேர்லயும் கல்லே இல்ல, சரிவுதான் இருக்கு, அதனால வெறும் கற்குவியல்னா பத்தாது, சரிவுக் கற்குவியல்னு எழுதுங்க.

இதை மண்ணரிப்புன்னு எழுதுறவங்க நிறைய பேரு. அது தப்பு. பாறை நின்ன எடத்துலயே உடையுறது சிதைவு, உடைஞ்சது கீழ விழுறது புவியீர்ப்பு, அதைத் தண்ணியோ காத்தோ பனியாறோ அள்ளிட்டுப் போறதுதான் அரிப்பு. குளிர் நாட்டு மலையில பாறை வெடிப்புக்குள்ள போன தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் போல பெருக்கும், வெடிப்பு அகலும், ராத்திரி உறைஞ்சு பகல்ல உருகின்னு இதே நடந்து நடந்து கடைசியில துண்டு கழண்டு விழுந்துடும். விழுந்தது 30லேர்ந்து 40 டிகிரி சாய்வுல போய் நிக்கும். கிட்டப் போய்ப் பாத்தா பெரிய கல்லெல்லாம் அடியில, பொடிசு மேல, ஏன்னா கனமானது வேகம் கொறையாம தூரமா உருண்டுடும். ஆத்துல உருளாததால முனை மழுங்கியிருக்காது. அப்போ அரிப்புக்கு இங்க என்ன வேலைன்னா, அடிவாரத்துல ஓடுற ஆறு குவியலோட காலை அறுக்கும், மேல இருக்கிறது மறுபடி சரியும், ஆறு வேகமா அள்ளுற எடத்துல குவியலே தங்காது.

அரிப்புங்கிற சொல் எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல். கறையான் அரிக்கும், அரிசியையும் அரிப்போம், லேசானது தண்ணியோட போய்டும், கல்லு அடியில நின்னுடும். அரிப்புக்கு இங்கிலீஷ்ல எரோஷன், லத்தீன்ல அதோட வேருக்கும் கொறிக்கிறதுன்னுதான் அர்த்தம், எலிக்கு ரோடன்ட்னு பேரு வந்ததும் அதே வேர்லேர்ந்துதான்.

நம்ம பினாங்குக் கொடிமலையில உறைபனி கெடையாது, அதனால அந்த மாதிரி மொட்டைக் கற்குவியலும் இல்ல. இது கருங்கல் மலை, சூடும் மழையும் சேர்ந்து கல்லுல இருக்கிற ஃபெல்ஸ்பார்ங்கிற கனிமத்தைக் களிமண்ணாக்கிடும், குவார்ட்ஸ்ங்கிற கனிமம் மணலா உதிரும், நடுவுல சிதையாத உருண்டைப் பாறை மட்டும் மண்ணுக்குள்ள மிஞ்சும். மேல்மண்ணை மழை அரிச்சதும் அது வெளிய தெரியும், சரிவுல கெடக்குதேன்னு அதைப் போய் ஸ்கிரீன்னு சொல்லக்கூடாது, உருண்டைக்கல்லுன்னாலே போதும்.

2017 நவம்பர் பெருமழையில இங்க மலைப்பக்கம் பல எடத்துல விழுந்ததே, அது மண்சரிவு. மலாய்க்காரங்க இதைத் தெளிவாப் பிரிச்சு வச்சிருக்காங்க, அரிப்பு ஹாக்கிசான், சரிவு தானா ருந்தோ. மழை விட்டதும் லோங்காங்ல, அதான் சாக்கடைக் கால்வாய்ல, மஞ்சளா ஓடுதே அந்தத் தண்ணி, அதுக்குத்தான் மண்ணரிப்புங்கிற பேரு பொருந்தும்.