சோற்றை நிறுத்தினீர்கள், மாத்திரையை யார் குறைப்பது?

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். ஐம்பத்திரண்டு வயது அம்மா ஒருவரை ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். ரவிக்கை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. பெயரைக் கேட்டால் ஊரைச் சொன்னார். விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது இரத்தச் சர்க்கரை 46, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் ஏற்றி, அவர் தெளிந்த பிறகு விசாரித்தேன். ஐந்து நாளாகக் குறைமாவு உணவாம், அதாவது மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் 'லோ கார்ப்' முறை. காலையில் வெள்ளரிக்காய், மதியம் ஒரு முட்டை, இரவில் மோர். ஆனால் கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை மட்டும் காலையும் இரவும் வழக்கம்போல்.

"மருந்தை ஒரு வேளைகூட விடவில்லை டாக்டர்" என்றார் கணவர். நல்லதைச் செய்த திருப்தியோடுதான் சொன்னார். அவரைக் கடிந்துகொள்ள மனம் வரவில்லை. ஆனால் இப்படி வருபவர்களில் இந்த மாதம் இவர் மூன்றாவது ஆள்.

கிளிமிபிரைடும் அதே வகையைச் சேர்ந்த கிளிபென்கிளமைடும் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும், சாப்பாடு குறைந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை நோய் மாத்திரைகளின் கதை வேறு. அவற்றைப் போட்டுக்கொண்டே மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் இரத்தம் அமிலமாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது. அதனால் வாந்தியையும் வயிற்றுவலியையும் மூச்சு வாங்குவதையும் வாயுத் தொல்லை என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். தயவுசெய்து அப்படி இருந்துவிடாதீர்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்கள், உணவை மாற்றும் முதல் நாளுக்கு முன்பே உங்கள் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்துவதும் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த முறைக்குத் தாமாக இறங்கவே வேண்டாம்.

அடுத்து, என் பொறுமையை அன்றாடம் சோதிக்கும் ஒரு நம்பிக்கை. "சோற்றை விட்டுவிட்டேன் டாக்டர், இரவில் மூன்று சப்பாத்திதான். எடை மட்டும் குறையவில்லை." எப்படிக் குறையும்? முப்பது கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் ஏறக்குறைய 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மூன்று என்றால் 60. நீங்கள் பயந்து ஒதுக்கிய ஒரு கிண்ணம் சோற்றில், அதாவது 150 கிராமில், இருப்பதே 42 கிராம்தான். சோற்றை விட அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, குறைத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோதுமையை எடுத்துச் சொன்னால் கேழ்வரகுக்குப் போகிறார்கள். கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, நல்ல தானியம், மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் மாவுச்சத்து 67 முதல் 72 கிராம் வரை. அரிசியில் 78. இந்தச் சிறு வித்தியாசத்தை நம்பித்தான் காலையில் கேழ்வரகுக் கூழ், மாலையில் கேழ்வரகுப் புட்டு என்று நடக்கிறது. தினையும் கம்பும் ஓட்ஸும் இதே கூட்டம்தான். வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மாற்றியவர்களுக்கும் இதே பதில். பெயரும் நிறமும் மாறினால் மாவுச்சத்து மாறாது. தட்டில் தானியத்தின் மொத்த அளவு குறைய வேண்டும். அந்த இடத்தில் வேறு உணவு வர வேண்டும்.

வேறு உணவு வருவதில்லை என்பதுதான் பாதிப் பேர் பத்தே நாளில் விட்டுவிடக் காரணம். சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக வைக்கிறார்கள். எண்ணெய் என்றால் பயம், தேங்காய் என்றால் பயம், மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிறார்கள். இது பட்டினி. மாலை ஐந்து மணிக்கு எதிர்வீட்டில் வடை சுடும் வாசனை வந்தால் எந்த மனஉறுதியும் நிற்காது, நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. வயிறு நிறையச் சாப்பிடுங்கள். இரண்டு மூன்று முட்டை, அல்லது நூறு நூற்றைம்பது கிராம் பனீர். மதியம் மத்தி, அயிலை, கோழி, எது கிடைக்கிறதோ அது. கூடவே தேங்காய் துருவிப் போட்ட புடலங்காய், வெண்டைக்காய், கீரைப் பொரியல், கைப்பிடி அளவு அல்ல, தட்டில் பாதி. சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இது கடினம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவர்கள் பருப்பையும் சுண்டலையும் அளவோடு வைத்துக்கொண்டு, தயிர், பனீர், நிலக்கடலையோடு மெதுவாகப் போகட்டும்.

மெதுவாக என்பது எல்லோருக்கும்தான். நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் கீழே மாவுச்சத்து என்றாலே அது குறைமாவு உணவு. எடுத்த எடுப்பில் 20 கிராமுக்குப் பாய வேண்டிய அவசியம் இல்லை. என்னிடம் வருபவர்களுக்கு முதல் இரண்டு வாரம் இரவு உணவை மட்டும் மாற்றச் சொல்கிறேன். மதியம் ஒரு கிண்ணம் சோறு இருக்கட்டும். இப்படித் தொடங்கியவர்கள்தான் ஆறு மாதம் கழித்தும் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்தால் கண் இருட்டுவது. "எனக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை" என்று இங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள். மாவுச்சத்து குறைந்ததும் உடல் உப்பையும் நீரையும் நிறைய வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். உப்புப் போட்ட மோர், எலும்புச் சாறு, போதிய தண்ணீர் போதும், இரண்டொரு நாளில் சரியாகிவிடும். இதய, சிறுநீரக நோயாளிகளும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது. அவர்களுக்கு எழுந்தால் கிறுகிறுக்கிறது என்றால் மாத்திரையின் அளவைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

எடை இயந்திரத்தைத் தினமும் மிதிக்காதீர்கள். முதல் வாரம் இறங்கும் இரண்டு மூன்று கிலோவில் பெரும்பங்கு நீர். மூன்றாம் வாரம் முள் நகராது, அப்போது மனம் உடைந்து பிரியாணிக்குப் போய்விடுவார்கள். வாரம் ஒரு நாள் எடை, மாதம் ஒரு முறை இடுப்பளவு. கல்யாண வீட்டில் இலை முழுக்கச் சாப்பிட்டுவிட்டீர்களா, பரவாயில்லை. அடுத்த வேளை பழையபடி தொடருங்கள். "இந்த வாரம் கெட்டுவிட்டது, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்பவர்களுக்கு அந்தத் திங்கட்கிழமை வருவதே இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2018இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் 609 பேரை இரு பிரிவாக்கி ஓராண்டு கவனித்தார்கள். குறைமாவு உண்டவர்கள் சராசரியாக 6 கிலோ குறைந்தார்கள், குறைகொழுப்பு உண்டவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை. இந்த முறை உங்கள் வீட்டுக்கும் நாக்குக்கும் பொருந்தவில்லை என்றால் வேறு முறைக்குப் போவதில் எந்த வெட்கமும் வேண்டாம்.

அந்த அம்மாவை அன்று மாலை வரை படுக்க வைத்திருந்தோம். கிளிமிபிரைடு நெடுநேரம் வேலை செய்யும், ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். மருந்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். குறைமாவு உணவை விடச் சொல்லவில்லை, மதியம் ஒரு கிண்ணம் சோறும் மீன் குழம்பும் சேர்க்கச் சொன்னேன். கிளம்பும்போது கைப்பையைத் திறந்து மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்து, வியர்த்தால் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும் என்று கணவரிடம் இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை மாத்திரை டப்பாவோடு வரச் சொல்லியிருக்கிறேன்.