குழாய் நேராகப் போனால் என்ன?

மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் போகும்போதெல்லாம் வாசகர் ஒருவருக்குச் சந்தேகம் எழுகிறதாம். நேராகப் போய்க்கொண்டிருக்கும் குழாய் திடீரென்று பக்கவாட்டில் திரும்பி, ‘ப’ எழுதியதுபோல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய பாதைக்கே வந்துவிடுகிறது. “ஒப்பந்தக்காரர் கூடுதலாக பில் போடுவதற்கா?” என்று எழுதிக் கேட்டிருக்கிறார்.

இல்லை. அந்த ‘ப’ எங்கே வரவேண்டும், கால்கள் எவ்வளவு நீளம் இருக்கவேண்டும் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. தகைவுப் பகுப்பாய்வு என்பது அதன் பெயர். தகைவு என்றால், ஓர் அலகுப் பரப்பில் பொருளுக்குள் எழும் விசை (ஸ்ட்ரெஸ்). உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கு ஏற்ற சுவர்த் தடிமன், எடையைத் தாங்க இத்தனை மீட்டருக்கு ஒரு தாங்கி, காற்று, நிலநடுக்கம் ஆகியவையும் அதில் அடக்கம். அவற்றை விட்டுவிடுவோம். வில்லங்கம் பிடித்தது வெப்பம்தான்.

ஒரு மீட்டர் எஃகு, வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். அற்பம் என்று தோன்றும். ஆனால் 100 மீட்டர் நீராவிக் குழாய் 300 டிகிரி சூடேறினால் 36 சென்டிமீட்டர் நீளும். நீளவிடாமல் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்தால்? பிளஸ் டூ இயற்பியல் போதும்: யங் குணகம் (பொருளின் விறைப்பைச் சொல்லும் எண்), வெப்ப விரிவு எண், வெப்பநிலை உயர்வு மூன்றையும் பெருக்கினால் தகைவு கிடைக்கும். இதில் குழாயின் நீளம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் 100 டிகிரி உயர்வுக்கே சுமார் 240 மெகாபாஸ்கல். சாதாரணக் கார்பன் எஃகு நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கும் அளவு. 7 மில்லிமீட்டர் சுவருள்ள ஆறு அங்குலக் குழாய் அப்போது தன் முனைகளைத் தள்ளும் விசை 85 டன்னுக்கும் மேல். தடிமனான குழாயாகப் போட்டால் தகைவு குறையாது; தள்ளும் விசைதான் கூடும். பலத்தைக் கூட்டக் கூட்ட நிலைமை மோசமாகிறது!

ஆகவே குழாயை வளைய விடுகிறார்கள். ‘ப’வின் கால்கள் சற்றே வளைந்து நீட்சியை வாங்கிக்கொள்கின்றன. இதுவரை நேரான கணக்குதான். அதன் மூலைகளில் இருக்கிற எல்போக்கள், அதாவது வளைவுத் துண்டுகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

1910இல் ஜெர்மனியில் பான்ட்லின் என்பவர் வளைந்த குழாய்களைச் சோதித்தபோது, சூத்திரங்கள் சொன்னதைவிட அவை பல மடங்கு எளிதாக வளைந்தன. காரணத்தை 1911இல் விளக்கியவர் தியோடர் ஃபான் கார்மான். பிற்காலத்தில் விமானவியலில் பெரும்புகழ் பெற்றவர். எல்போவை இன்னும் மடக்கும்போது அதன் வெளிவிளிம்பு இழுபடுகிறது, உள்விளிம்பு அமுங்குகிறது. இரண்டு விளிம்புகளுமே வளைந்த பாதையில் செல்பவை என்பதால், வெளிவிளிம்பின் இழுவிசை அதை உட்பக்கமாகத் தள்ளுகிறது. உள்விளிம்பின் அமுக்கம் அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. அதாவது இரண்டும் ஒன்றையொன்று நோக்கி வருகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட வட்டக் குறுக்குவெட்டு நசுங்கி நீள்வட்டமாகிறது. அப்படி நசுங்கியதால் இரு விளிம்புகளும் நடுக்கோட்டுக்கு அருகில் வந்து, சுமக்கவேண்டிய சுமையில் பெரும்பகுதியை நழுவவிடுகின்றன! மேலே சொன்ன ஆறு அங்குலக் குழாயின் நீண்ட ஆர எல்போ, அதே நீளமுள்ள நேர்க்குழாயைவிட ஆறு மடங்குக்கு மேல் நெகிழ்வானது. கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்கலுக்கு இவ்வளவு பலன்.

இந்த நெகிழ்வு இலவசமில்லை. நசுங்கும்போது சுவரே சுற்றுவாக்கில் வளைவதால், எல்போவின் பக்கவாட்டில் தகைவு இரண்டு மடங்குக்கு மேல் எகிறுகிறது. ஒருமுறை எகிறினால் பரவாயில்லை. எஃகு கொஞ்சம் இடம் கொடுத்து அடங்கிவிடும். ஆலையை நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போதுதான், முன்னும் பின்னும் மடக்கிய கம்பி அறுந்துபோவதுபோல, விரிசல் விடும். எத்தனை முறைக்குத் தாங்கும் என்பதை அமெரிக்காவில் குழாய் இணைப்புகள் செய்யும் ஒரு நிறுவனத்தின் மார்க்கல் என்ற பொறியாளர் 1940களின் இறுதியிலும் 50களிலும் உடைத்து உடைத்துப் பார்த்தே கண்டறிந்தார். ஆலைக் குழாய் விதிகளில் வரும் 7000 சுற்று என்ற வரம்பு அந்த மரபில் வந்தது. நாளுக்கு ஒருமுறை நிறுத்தி ஓட்டினால் 19 ஆண்டுகள். நம் ஊரில் மென்பொருள் உரிமத்துக்கும் தகைவை வண்ணப்படமாகக் காட்டும் திரைக்கும் நிதி கிடைத்துவிடுகிறது. ஓர் எல்போவை விரிசல் விடும்வரை ஆட்டிப் பார்க்கப் பணம் கேட்டால் “இதில் புதுமை என்ன?” என்பார்கள். எனக்கு இது பெரிய ஆதங்கம்.

நெகிழ்வு வேண்டும் என்பதற்காக பெல்லோஸ் எனப்படும் மடிப்புக் குழாயைச் செருகிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில் அப்படித்தான் நினைத்தார்கள். 1974 மார்ச்சில் வரிசையாக நின்ற ஆறு ரசாயன வினை உலைகளில் ஐந்தாவதில் விரிசல் தெரிந்தது. அதைக் கழற்றிவிட்டு, நான்காவதையும் ஆறாவதையும் 20 அங்குல மாற்றுக்குழாயால் இணைத்தார்கள். உலைகள் படிப்படியாகத் தாழ்ந்து நின்றதால் குழாயும் கோணலாக இருந்தது. உலைகளின் 28 அங்குல வாய்களில் ஏற்கெனவே இருந்த பெல்லோஸ் அதன் இரு முனைகளிலும். வரைபடம் என்று இருந்தது, பணிமனைத் தரையில் சாக்பீஸால் போட்ட கோடுகள் மட்டுமே. சாதாரணக் குழாயில் உள்ளழுத்தம் நெடுக்குவாக்கில் தள்ளுவதைச் சுவரே இழுத்துப் பிடித்துக்கொள்ளும், பெல்லோஸ் பிடிக்காது. 28 அங்குல வாயின் பரப்பை இயக்க அழுத்தமான சதுர சென்டிமீட்டருக்கு 8.8 கிலோவால் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 35 டன். கோணல் குழாயின் இரு முனைகளிலும் அந்த விசைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாததால் குழாயைத் திருகின. அடியில் தாங்கியது, கட்டட வேலைக்குக் கட்டுவதுபோன்ற சாரம் மட்டும். அந்தப் பெருக்கலை யாரும் போடவில்லை.

ஜூன் 1, சனிக்கிழமை மாலை. அந்த மாற்றுக்குழாய் மடிந்து பிய்ந்ததில்தான் 155 டிகிரி சூட்டில் இருந்த, எளிதில் தீப்பற்றும் சைக்ளோஹெக்சேன் மேகமாக வெளியேறி வெடித்தது என்று அரசு விசாரணை முடிவு செய்தது. இறந்தவர்கள் 28 பேர். வார நாளாக இருந்திருந்தால் அலுவலகக் கட்டடங்களிலும் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

நம் ஆலைகளில் புதிய குழாய்த்தொடரை ஓட்டும் நாளில் திருஷ்டிப் பூசணி உடைப்பார்கள். உடைக்கட்டும். அதற்குமுன் ஒருவர் நடந்துபோய், குழாயைத் தொங்கவிட்டிருக்கும் ஸ்பிரிங் தாங்கிகளின் பூட்டுப் பின்கள் கழற்றப்பட்டனவா என்று பார்க்கவேண்டும். பின் இருக்கும்வரை அது ஸ்பிரிங் இல்லை, வெறும் இரும்புக்கட்டி. சூடேறிய குழாய் அங்கே நகர முடியாமல் பக்கத்திலுள்ள பம்பின் வாயை அழுத்தும், தண்டு நேர் தவறும், பேரிங் தேயும். உடனே பம்ப் தரமில்லை என்று அதை விற்றவருக்கு ஒரு காரசாரமான கடிதம் போகும்.