ஒரே பொருளுக்குப் பல விலை: இணையக் கடையின் உள்கணக்கு

ஒரே இணையக் கடை, ஒரே பக்கம், ஒரே பொருள். திறந்து பார்க்கும் ஒருவருக்கு விலை 100 என்று தெரிகிறது, இன்னொருவருக்கு 82. முதலாமவர் போகிறபோக்கில் எட்டிப் பார்த்தவர். இரண்டாமவர் அங்கே மொத்தமாகக் கொள்முதல் செய்யும் வியாபாரி. இதில் கோளாறு எதுவும் இல்லை, கடைக்காரர் தெரிந்தே செய்த ஏற்பாடுதான். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அந்த 82 தேடல் பட்டியலிலும், கூடையிலும், இன்வாய்ஸிலும், பொருள் திரும்பி வரும் நாளிலும் 82 ஆகவே இருக்க வேண்டும். தள்ளுபடியை அறிவிக்க ஒரு நிமிடம் போதும். அது வழியில் எங்கும் பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு.

ஆளுக்கேற்ற விலை கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளுக்குக் கூரை போடாமல் விட்டதற்குச் செலவு காரணமில்லை, இரண்டாம் வகுப்புக்குப் பணம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடாமல் தடுப்பதே காரணம் என்று 1849-இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி எழுதினார். கசப்பான உண்மை. 1920-இல் ஆங்கிலப் பொருளியலாளர் ஆர்தர் பிகூ இத்தகைய விலை வேறுபாட்டை மூன்று வகையாகப் பிரித்தார். இன்றைய பாடநூல்கள் விளக்குகிறபடி, ஒவ்வொருவரிடமும் அவர் தரத் தயாராக இருக்கும் உச்ச விலையையே வாங்குவது முதல் வகை. வாங்கும் அளவைப் பொறுத்து விலையை மாற்றுவது இரண்டாம் வகை. வெளியே தெரியும் ஓர் அடையாளத்தை வைத்து மக்களைக் குழுக்களாகப் பிரிப்பது மூன்றாம் வகை. இணையக் கடையின் ‘வாடிக்கையாளர் குழு’ இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

எந்தக் குழுவுக்கு எவ்வளவு? விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும் என்பதைப் பொருளியலில் நெகிழ்ச்சி என்பார்கள். லாபத்தை உச்சத்துக்குக் கொண்டுபோக நினைக்கும் கடைக்கு, விலையில் லாபத்தின் பங்கு அந்த நெகிழ்ச்சியின் தலைகீழ் எண்ணாக இருக்க வேண்டும். அடக்கவிலை 40 என்று கொள்வோம். நெகிழ்ச்சி 2 உள்ள குழுவுக்கு விலையில் பாதி லாபம், ஆகவே விலை 80. நெகிழ்ச்சி 5 உள்ள குழுவுக்கு ஐந்தில் ஒரு பங்குதான் லாபம், விலை 50. நாலு கடை விசாரித்து வாங்குகிறவருக்கு விலை குறைவாக அமைவது இதனால்தான். சூத்திரம் அழகானது. ஆனால், தன் வாடிக்கையாளரின் நெகிழ்ச்சியைத் துல்லியமாக அறிந்த கடைக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நடைமுறையில் பேரமும் அனுபவமுமே இந்த எண்களைத் தீர்மானிக்கின்றன. 50-க்கு வாங்கியவர் 80 கொடுக்கும் குழுவிடம் 70-க்கு விற்கத் தொடங்கினால், மொத்த ஏற்பாடும் கவிழ்ந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி இயந்திரத்துக்குள் போவோம். ‘இதன் விலை என்ன?’ என்று மட்டும் கேட்டால் மென்பொருளால் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, எத்தனை, எந்தக் கடைத்தளத்தில், எந்தத் தேதியில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். மஜென்டோ என்ற கடை மென்பொருளை நிறுவினால், உள்நுழையாதோர், பொது, மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி என்ற நான்கு குழுக்கள் தயாராக வருகின்றன. பெயர் தெரியாத பார்வையாளரும் ஒரு குழுதான். அந்தக் குழுவின் எண் 0. ஆளில்லாத இடத்துக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டால் ‘இவர் யாரோ’ என்று தனியாக விதிவிலக்கு எழுத வேண்டியதில்லை. நல்ல யோசனை.

ஒரு பொருளுக்கு அடிப்படை விலை 100, ஒப்பந்தக் குழு விலை 90, பொதுமக்களுக்கான திருவிழாத் தள்ளுபடி விலை 85 என்று மூன்றும் ஒன்றாக வந்து நின்றால்? ‘குறைந்ததே வெல்லும்’ என்பது ஒரு விதி. ஒப்பந்தக்காரருக்கும் 85 கிடைக்கும். ஆனால், ஒப்பந்தம் எழுதியதற்குப் பொருளில்லாமல் போகும். ‘ஒப்பந்தமே முதன்மை’ என்பது இன்னொரு விதி. அப்போது ஆண்டு முழுக்க வாங்கும் பெரிய வாடிக்கையாளர், யாரோ ஒருவர் தன்னைவிட மலிவாக வாங்குவதைப் பார்த்துத் தொலைபேசியை எடுப்பார். எதைத் தேர்ந்தாலும் சரி, விதி ஒன்றாக இருக்க வேண்டும், எழுதி வைக்கப்பட வேண்டும். தள்ளுபடிகளை அடுக்கலாமா என்பதும் இதிலேயே அடங்கும். பத்து சதவீதத்தின்மேல் இன்னொரு பத்து சதவீதம் வைத்தால் கழிவு 20 அல்ல, 19.

இந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட்டால் பட்டியல் பக்கம் ஆமை வேகத்தில் திறக்கும். எனவே, எல்லா விடைகளையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஓர் அட்டவணையில் எழுதி வைக்கிறார்கள். 50,000 பொருள்கள், 20 குழுக்கள், 3 கடைத்தளங்கள் என்றால் 30 லட்சம் வரிகள். ‘இவருக்கு மட்டும் ஒரு குழு போட்டுக்கொடு’ என்று விற்பனைப் பிரிவு கேட்கும்போது அது ஒரு வரி வேலையாகத் தோன்றும். உண்மையில் அட்டவணையில் ஒன்றரை லட்சம் வரிகள் கூடுகின்றன. குழுக்கள் சிலவாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. தனி ஒப்பந்தம் உள்ளவருக்கு, வேறுபடும் விலைகளை மட்டும் விதிவிலக்காகக் குறித்து வைத்தால் போதும். கடையின் தேடல் பொறியிலும் குழுவாரியாக விலை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ‘விலை குறைவு முதல்’ என்று வரிசைப்படுத்தும் மொத்த வியாபாரிக்கு, பொதுமக்கள் விலைப்படி அடுக்கிய பட்டியலில் அவருடைய விலைகள் தாறுமாறாகத் தெரியும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது கேஷ் (cache) எனப்படும் தற்காலிகச் சேமிப்பு. சர்வரின் சுமையைக் குறைக்க, ஒருமுறை தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்து வருபவருக்கு அதையே நீட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே விலை இருக்கும்வரை இது குற்றமற்ற தந்திரம். குழு விலை நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. முதலில் வந்தவர் மொத்த வியாபாரி என்றால், அவருக்கான 82 அடுத்து வரும் அத்தனை பேருக்கும் காட்டப்படலாம்; போட்டிக் கடைக்காரர் உட்பட. பக்கத்தின் முகவரியோடு குழுவின் அடையாளத்தையும் சேர்த்துச் சேமிப்பதுதான் தீர்வு. மஜென்டோ இதற்கென்றே ஒரு குக்கியை, அதாவது பிரவுசரில் சேமிக்கப்படும் ஒரு சிறு குறிப்பை, பயன்படுத்துகிறது. விலை கொடுக்காமல் இதுவும் கிடைப்பதில்லை: 20 குழுக்கள் இருந்தால் அதே பக்கத்துக்கு 20 பிரதிகள் வரை சேரலாம், ஒரு பிரதி மறுபடி பயன்படும் வாய்ப்பு குறைகிறது. விலை இடத்தைக் காலியாக விட்டுப் பின்னர் நிரப்பும் முறையும் உண்டு. பக்கம் சட்டென்று வரும், விலை ஒரு கணம் தாமதித்து வரும்.

பைசாக் கணக்கிலும் பொறி இருக்கிறது. 0, 1 என்ற இரண்டு இலக்கங்களால் மட்டும் கணினி எழுதும் இருமப் பின்னத்தில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வருவதால், பணத்தைத் தசம எண்ணாகவோ மிகச் சிறிய நாணய அலகின் முழு எண்ணாகவோ சேமிக்கிறார்கள். அப்போதும் முழுமையாக்குவது எங்கே என்ற கேள்வி மிஞ்சுகிறது. 9.99-இல் 18 சதவீதம் கழித்தால் 8.1918. ஒரு பொருளுக்கு 8.19 என்று சுருக்கி நூறால் பெருக்கினால் 819. பெருக்கிய பிறகு சுருக்கினால் 819.18. இணையக் கடை ஒரு விதமாகவும் கணக்குப் பிரிவின் மென்பொருள் வேறு விதமாகவும் செய்தால், ஆண்டுத் தணிக்கையில் இந்தச் சில்லறையைத் தேடியே நாள்கள் போகும்.

2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமேசான் ஒரே டிவிடியை வெவ்வேறு பேருக்கு வெவ்வேறு விலையில் காட்டியது. வாங்கியவர்கள் விலைகளை ஒப்பிட்டுப் பார்த்துக் கொதித்தார்கள். இது வாடிக்கையாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த விலைச் சோதனை என்று விளக்கிய நிறுவனம், 6,896 பேருக்குச் சராசரியாக 3.10 டாலர் திருப்பித் தந்தது. மொத்த விலையைக் கண்டு யாரும் இப்படிக் கொதிப்பதில்லை. நிறைய வாங்குகிறார், அதனால் குறைவு என்று புரிகிறது. தானும் அந்தக் குழுவில் சேர வழி இருக்கிறது. காரணம் தெரியாத வேறுபாடுதான் எரிச்சலூட்டுகிறது. தானியங்கி முடிவின்படி ஒருவருக்கென்று விலை மாற்றப்பட்டிருந்தால் அதை நுகர்வோரிடம் சொல்லியாக வேண்டும் என்ற விதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கூடையில் பொருளைப் போட்ட பிறகு ஒருவர் உள்நுழைந்தால் விலை மாறும். அப்போது பிரவுசர் அனுப்பும் எண்ணை நம்பாமல், சர்வரே மறுபடி கணக்கிட வேண்டும். ஆர்டர் உறுதியானதும் விலையையும், அது எந்த விதிப்படி வந்தது என்பதையும் ஆர்டரிலேயே எழுதிவிட வேண்டும். குழு விலை நாளை மாறினாலும் நேற்றைய ஆர்டர் அசையக் கூடாது. பத்து வாங்கினால் ஒன்று 78, அதற்குக் குறைந்தால் 82 என்ற சலுகையில் பத்து வாங்கியவர் நான்கைத் திருப்பி அனுப்புகிறார். நான்கு 78-கள், அதாவது 312 திருப்பித் தருவதா? அல்லது அவர் வைத்துக்கொண்ட ஆறுக்கும் 82 வீதம் 492 கணக்கிட்டு, கொடுத்த 780-இல் அதைக் கழித்து 288 தருவதா? இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம். எது என்பதைக் கடை தன் நிபந்தனைகளில் முன்பே சொல்லியிருக்க வேண்டும். படிவிலையில் விற்றது என்ற குறிப்பு ஆர்டரில் இல்லையென்றால், மென்பொருளால் இரண்டாவது கணக்கைப் போடவே முடியாது.