வாய்க்காலில் பிடித்த கப்பி நாட்டு மீன் அல்ல

இந்த மாதத்தில் வாய்க்கால் மீனோடு என்னிடம் வந்த நான்காவது வாளி இது. பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி பேரனோடு வந்திருந்தார். வாளிக்குள் கப்பி என்ற சின்ன வளர்ப்பு மீன் பத்துப் பன்னிரண்டு, பாதி மிதந்துவிட்டன. உயிரோடு இருந்த ஒன்றை வெளிச்சத்தில் காட்டினேன். முதுகுத் துடுப்பின் அடியில் வெள்ளை நூல் துண்டு போல ஏதோ தொங்கியது. அது நங்கூரப் புழு, மீனின் உடம்பில் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி. தலை சதைக்குள் புதைந்திருக்கும், பிடித்து இழுத்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். தொட்டியில் ஏற்கெனவே இருந்த மீன்களுக்கும் ஏறிவிட்டது.

"கடை மீனெல்லாம் செத்துச் செத்துப் போகுது தம்பி. இயற்கையான மீனா இருக்கட்டும்னு வாய்க்கால்ல பிடிச்சோம்" என்றார்.

ஆச்சியின் கோபம் நியாயமானதுதான். முன்பு அவர் வாங்கியவை பலூன் மாலியும் பேரட்டும். பலூன் மாலிக்கு முதுகெலும்பு குறுகி வளைந்திருக்கும், குடல் முதல் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும். பேரட் என்பது கலப்பில் உருவாக்கிய மீன், அதற்கு வாய் சரியாக மூடாது. இரையைத் தொண்டையில் வைத்துத்தான் நசுக்கும். பார்க்கச் சிரிக்கிற மாதிரி இருக்கிறது என்று வாங்கிப் போகிறார்கள். இவற்றை வேண்டாம் என்று சொல்பவர்களை நான் மனதார வாழ்த்துகிறேன்.

ஆனால் அடுத்த படியில், அசல் வகை வேண்டும் என்று வாய்க்காலுக்குப் போவதில்தான், எல்லோரும் தவறுகிறார்கள். அசல் வகை என்றால் வெளியில் பிடித்த மீன் என்று அர்த்தம் இல்லை. எத்தனை முறை சொன்னாலும் இது ஏறுவதில்லை, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். அசல் வகை என்பது மீனின் உருவம்: அந்த இனம் தன் ஆற்றில் எப்படி இருக்குமோ அதே உடல், அதே வால், அதே நிறம். அது பண்ணையில் பிறந்திருக்கலாம். கடைகளில் இருக்கும் நியான் டெட்ராவில் பெரும்பகுதி பண்ணையில் பிறந்ததுதான். ஆனாலும் அமேசான் பகுதி ஓடைகளில் இருக்கும் அதே நீலக் கோடு, அதே சிவப்பு. பண்ணை மீன் நம் தண்ணீருக்கும் பழகியிருக்கும். அமேசானில் கலக்கும் ரியோ நீக்ரோ ஆற்றின் மென்மையான தண்ணீரில் பிடித்த கார்டினல் டெட்ராவை, பாத்திரத்தில் வெள்ளை படிய விடும் நம் போர் தண்ணீரில் விட்டால் அது என்ன பாடுபடும்?

மறுபக்கம், வாய்க்கால் கப்பி வெளியில் பிறந்தது, வாலும் சிறியது. அதனால் அது நாட்டு மீன் ஆகிவிடாது. கப்பியின் ஊர் தென் அமெரிக்காவின் வட பகுதி. கொசுப் புழுவைத் தின்னட்டும் என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தார்கள். அப்புறம் தொட்டிகளிலிருந்து கொட்டியதும் சேர்ந்துகொண்டது. எத்தனை வகை கலந்திருக்கிறது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, அசல் வகையை எங்கே தேடுவது? கடையில்தான், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். ஏஞ்சலில், வெள்ளி உடம்பில் கறுப்புப் பட்டை உள்ளதைக் கேளுங்கள். டைகர் பார்பில் நான்கு கறுப்புப் பட்டை இருக்க வேண்டும், பச்சையும் வெள்ளையும் பண்ணை வேலை. ஜீப்ராவில் நீலக் கோடு ஓடுவதே அசல். மின்னும் பச்சையும் சிவப்பும் ஜெல்லி மீன், பவளம் இவற்றின் மரபணுவை ஏற்றியவை. ஃபைட்டரில் குட்டை வால் பிளகாட்டைக் காட்டி 'காட்டு ஃபைட்டர்' என்பார்கள், நம்பாதீர்கள். அது தலைமுறை தலைமுறையாகச் சண்டைக்கென்றே வளர்த்தது. மாலி, பிளாட்டியில் அசலைத் தேடி அலைய வேண்டாம், எல்லாம் கலந்துபோய்விட்டது.

நம் மண்ணின் மீனே வேண்டும் என்றால் அயிரை இருக்கிறது. குழம்புக்கு மட்டும்தானா அது? நைசான மணல் போட்ட தொட்டியில் விட்டுப் பாருங்கள். சட்டென்று மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி மீனும் நம் நாட்டுத் தண்ணீரில் இருப்பதுதான். எலும்பு வரை தெரியும் அந்த அழகு போதாதென்று ஊசியில் சாயம் ஏற்றி விற்றார்கள். சாயம் சில மாதங்களில் மங்கிவிடும், ஊசி குத்தியதில் நோய் ஏறும். யாராவது காட்டினால் வாங்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்றில் பிடித்த மிஸ் கேரளா என்ற மீனையும் தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள். அழியும் ஆபத்தில் உள்ள இனம் அது. பண்ணைக் குஞ்சா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த மீனானாலும் முதல் நான்கு வாரம் தனித் தொட்டியில் இருக்கட்டும். சந்தையில் உயிரோடு வாங்கிய அயிரைக்கும் இதுதான். ஒரே இனத்தின் அசலையும் நீள வால் வகையையும் ஒரே தொட்டியில் போடாதீர்கள், அடுத்த ஈட்டில் அசல் போய்விடும். நோய் வந்து மருந்து போட்டாலும் கண் மதிப்பில் ஊற்றாதீர்கள்.

இன்னொன்றும் உண்டு, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். வேண்டாத மீனை ஊருணியில் விடாதீர்கள். பாவம் பிழைக்கட்டும் என்றுதான் விடுகிறீர்கள், தெரியும். ஆனால் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒருமுறை புகுந்துவிட்டால் எடுக்கவே முடியாது. முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கும், கரையைக் குடைந்து முட்டையிடும். என்னிடம் கொண்டு வாருங்கள், வைத்துக்கொள்கிறேன்.

ஆச்சி வீட்டுத் தொட்டியை முழுதாகக் கழுவிக் காயவைத்து, இப்போது வெறும் தண்ணீரும் செடியுமாக ஓடவிட்டிருக்கிறோம். மூன்று வாரம் கழித்து ஆறு ஜீப்ரா தருவதாகச் சொல்லியிருக்கிறேன். பேரன் நேற்றே போன் செய்து, கோடு போட்டதுதானே என்று கேட்டுக்கொண்டான்.