தண்டவாளம் இல்லாத ஐந்து கிலோமீட்டர்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரின் வடக்கே ஸ்பிரிங்பர்ன் என்றொரு மேட்டுப் பகுதி. 1903-ல் மூன்று கம்பெனிகள் இணைந்து உருவான நார்த் பிரிட்டிஷ் லோகோமோட்டிவ் கம்பெனியின் பெரிய தொழிற்சாலைகள் அங்கே இருந்தன. இந்தியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆயிரக்கணக்கான மைல் கடல் கடந்து போக வேண்டிய நீராவி இன்ஜின்கள், முதலில் அங்கிருந்து கிளைட் ஆற்றங்கரையில் உள்ள ஃபின்னிஸ்டன் துறைக்கு வந்து சேர வேண்டும். தூரம் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான். அதை அவை கடந்தது டிராமும் பஸ்ஸும் ஓடும் சாலையில், டிரெய்லர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு.

ரயில் இன்ஜினை ரயில் பாதையிலேயே அனுப்பியிருக்கலாமே? முடியாது. பிரிட்டனில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 1435 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676, தென்னாப்பிரிக்கப் பாதை 1067. சரி, ஒரு வேகன் மேல் ஏற்றி இழுத்துப் போகலாம் என்றால், அங்கேதான் வேடிக்கை. தென்னாப்பிரிக்காவில் பாதை குறுகல், ஆனால் அதன் மேல் ஓடும் இன்ஜின் பத்தடி அகலம் வரை இருக்கலாம். பிரிட்டனில் பாதை அகலம், ஆனால் சுரங்கமும் பிளாட்பாரமும் அனுமதிப்பது ஒன்பதடி சொச்சம்தான். அங்கே ரயில் பாதைகளை மற்ற நாடுகளுக்கு முன்னமே, சிறிய இன்ஜின்களை மனத்தில் வைத்துப் போட்டுவிட்டார்கள். அதன் விலையை ஏற்றுமதிக்காரர்கள் கடைசி வரை கொடுத்தார்கள்.

கிளாஸ்கோவின் டிராம் பாதை இன்னொரு விசித்திரம். அதன் அகலம் 1416 மில்லிமீட்டர். ரயில் வேகன்களின் சக்கர விளிம்பு டிராம் பள்ளத்துக்குள் இறங்கி உருளட்டும் என்றே அந்த 19 மில்லிமீட்டரைக் குறைத்தார்கள். அப்படியே கோவன் பகுதிக் கப்பல் கட்டும் தளத்துக்குச் சரக்கு வேகன்கள் போயின. வெளிநாட்டு அளவில் கட்டிய இன்ஜினுக்கு இந்தச் சலுகையும் கிடையாது.

ஆக, சாலைதான் வழி. முதலில் எடையைக் குறைப்பார்கள். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டரைக் கழற்றித் தனியாக அனுப்புவார்கள். பாய்லரில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்காது, அதிலேயே பல டன் மிச்சம். வழியில் உள்ள பாலங்களின் உயரத்தைப் பொறுத்து புகைபோக்கியும் இறங்கும். டிரெய்லரின் தளத்தில், போய்ச் சேரும் நாட்டின் அகலத்துக்கே இரண்டு தண்டவாளங்களைப் பொருத்தி, இன்ஜினை அதன் சொந்தச் சக்கரங்களில் உருட்டி ஏற்றுவார்கள். இவ்வளவு செய்தும் பெரிய இன்ஜின் நூறு டன்னை ஒட்டி நிற்கும். அந்தச் சுமை சாலையின் மேடுபள்ளத்தில் ஏதோ ஒரு சக்கரத்தில் மட்டும் குவிந்தால் டயரும் போச்சு, கீழே உள்ள சாக்கடை மூடியும் போச்சு. அதனால் டிரெய்லரின் அச்சுகள் தனித்தனியே சாய்ந்து கொடுக்கும். கட்டிலின் ஒரு காலுக்கு அட்டை வைத்து ஆட்டத்தை நிறுத்துவது போல, ஒவ்வொரு சக்கரமும் தன் பங்கைத் தானே தேடி வாங்கிக்கொள்ளும்.

இழுக்க ஆரம்பத்தில் சாலையில் ஓடும் நீராவி டிராக்ஷன் இன்ஜின்கள் வந்தன, பிறகு லாரிகள். 1929-ஐ ஒட்டி ஸ்காமெல் கம்பெனி நூறு டன் சுமைக்கென்றே இரண்டு வண்டிகளைக் கட்டியது. ஒன்று லிவர்பூல் வட்டாரத்தில் ஓடி, புது இன்ஜின்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனது. டிரெய்லரின் வாலில் ஒருவர் உட்கார்ந்து பின் சக்கரங்களைத் திருப்புவார். டிரைவரோடு பேசத் தொலைபேசி இருந்தது. அந்த வண்டியின் எஞ்சின் சக்தியோ 80 குதிரைத்திறனுக்குச் சற்று மேல். இன்று நடுத்தரக் கார் ஒன்றுக்கு இருப்பதுதான்.

அது எப்படிப் போதும்? ஒரு தோராயக் கணக்கு. வண்டியும் சுமையும் சேர்ந்து 150 டன் என்று வைப்போம். சமதளத்தில் ரப்பர் டயர் உருள்வதற்கான எதிர்ப்பு, எடையில் நூற்றில் இரண்டு பங்கு. அதாவது மூன்று டன் இழுவை. 80 குதிரைத்திறன் என்பது 60 கிலோவாட். அதை வைத்து அந்த இழுவையைக் கொடுத்தால் கிடைப்பது நொடிக்கு இரண்டு மீட்டர், மணிக்கு ஏழு கிலோமீட்டர். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றம் வந்தால் இன்னும் ஏழரை டன் இழுவை வேண்டும். வேகம் மணிக்கு இரண்டு கிலோமீட்டராக விழும். குழந்தை நடந்தே முந்திவிடும். சக்தி குறைவென்றால் கியரைக் குறைத்து நேரத்தைக் கொடுத்துவிடலாம். ஆனால் பிடிமானத்தை அப்படி வாங்க முடியாது. பத்தரை டன் இழுக்க வேண்டுமானால், ஈரமில்லாத சாலையிலேயே இழுக்கும் சக்கரங்கள் மேல் பதினேழு டன்னாவது அழுத்த வேண்டும், இல்லையேல் அவை நின்ற இடத்தில் சுழலும். கனரக டிராக்டர்களின் முதுகில் வேண்டுமென்றே இரும்பையும் கான்கிரீட்டையும் ஏற்றிவைப்பது இதற்காகத்தான். இறக்கத்தில் தலைகீழ்க் கவலை. ஸ்பிரிங்பர்ன் மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் சுமையை இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். பின்னால் இன்னொரு வண்டியைக் கட்டி இழுத்துப் பிடிக்க வைப்பார்கள்.

துறையில் காத்திருந்தது ஃபின்னிஸ்டன் கிரேன். 1932-ல் வேலைக்கு வந்த இந்த மின்சாரக் கிரேனின் திறன் 175 டன், உயரம் ஐம்பது மீட்டருக்கு மேல். நீண்ட கையில் சுமை, எதிர்ப்பக்கக் குட்டைக் கையில் எதிரெடை. தூக்குவதில் சூட்சுமம், கொக்கி எங்கே நிற்க வேண்டும் என்பது. இன்ஜினின் நட்டநடுவில் மாட்டினால், கனமான பக்கம் கீழே சரியும். எடைமையத்துக்கு நேர் மேலே கொக்கி வரும்படி இரும்பு உத்தரத்திலிருந்து வடங்களைத் தொங்கவிட்டு, முதலில் சில அங்குலம் மட்டும் உயர்த்திப் பார்ப்பது வழக்கம். கப்பல் தளத்தில் ஓரமாக நூறு டன் உட்கார்ந்தால் கப்பலே சாயும். அடித்தொட்டிகளின் நீரை எதிர்ப்பக்கம் மாற்றிச் சரிக்கட்டுவார்கள்.

1920-களில் நார்வேயின் கேப்டன் கிறிஸ்டன் ஸ்மித், இன்ஜின்களை முழுதாகவே ஏற்றும் கனரகக் கப்பல்களை ஓட்டத் தொடங்கினார். அதற்கு முன் பிரித்துப் பெட்டிகளில் அனுப்பி, போன இடத்தில் ஒவ்வொன்றாகக் கோத்தெடுப்பதே பெருவழக்கம். இந்திய ரயில்வேயின் WG என்ற சரக்கு இன்ஜின் வகையில் முதல் நூறு, 1950-ஐ ஒட்டி நார்த் பிரிட்டிஷ் கட்டியவைதாம். அதே 1950-ல் சித்தரஞ்சனில் நம் சொந்த WG வெளிவந்தது. நார்த் பிரிட்டிஷ் 1962-ல் மூடியது.

கிரேன் இன்றும் நிற்கிறது, தூக்க வேலை கிடையாது. 1945-ல் கிளாஸ்கோவின் பால்மடியில் இருந்த நார்த் பிரிட்டிஷ் தொழிற்சாலையில் கட்டிய 3007 எண் தென்னாப்பிரிக்க இன்ஜினை 2007-ல் திரும்பக் கொண்டுவந்து, இப்போது ரிவர்சைட் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் அது வந்ததும் சாலை வழியாகத்தான். 1067 மில்லிமீட்டர் சக்கரத்துக்கு அங்கே பாதை ஏது?