தொட்டி மீனை ஆற்றில் விடாதீர்கள்

தாமிரபரணியில் வலை போடுகிற அண்ணாச்சிமார் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "சார், இது என்ன மீன்?" என்று கேட்பது எனக்கு வாடிக்கையாகிவிட்டது. பெரும்பாலும் ஒரே மீன்தான். உடம்பெல்லாம் கரும்புள்ளி, ஓடு மாதிரி கெட்டித்தோல், தலைக்கு அடியில் உறிஞ்சும் வாய். வண்ணமீன் கடையில் 'டேங்க் கிளீனர்' என்று விற்கிறார்களே, அதேதான். தென் அமெரிக்க ஆறுகளில் இருக்க வேண்டியது. கடையில் விரல் நீளம் இருக்கும், ஆற்றில் ஒன்றரை அடி வரை வளர்ந்துவிடும்.

இது மாட்டினால் அன்றைக்கு வலை போச்சு. முதுகு முள்ளையும் பக்கத்து முட்களையும் விறைத்துக்கொள்ளும். இழுக்க இழுக்கக் கண்ணி இறுகுமே தவிர மீன் வராது. கடைசியில் கத்தியால் கண்ணிகளை அறுத்துத்தான் எடுக்கிறார்கள். கரையில் போட்டாலும் மணிக்கணக்கில் சாகாது, காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கும். வாங்க ஆளும் கிடையாது. ஆண் மீன் கரை மண்ணில் பொந்து தோண்டும், பெண் அதில் முட்டையிடும், ஆண் காவல் இருக்கும். கோடையில் தண்ணீர் இறங்கும்போது நண்டு வளையைவிடப் பெரிய பொந்துகள் கூட்டமாகத் தெரிந்தால் எனக்குத் தகவல் சொல்லச் சொல்லியிருக்கிறேன். பொந்து பெருகினால் கரையும் சரியும்.

ஜிலேபி மீன், அதாவது திலாப்பியா, அதன் கதை வேறு. அதை 1952-இல் வளர்ப்புக்கென்று நாமேதான் நாட்டுக்குள் கொண்டுவந்தோம். பெண் மீன் முட்டையை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். வலையிலிருந்து எடுக்கும்போது வாயைத் திறந்து குஞ்சுகளைக் கொத்தாகத் துப்புவதைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்து, வருடத்தில் பலமுறை குஞ்சு விடுகிற மீன் அது. நம்ம ஊர்க் கெண்டைகளில் பல, மழைக்காலத்துப் புதுவெள்ளத்துக்காகக் காத்திருப்பவை. ஓடாத தண்ணீர் ஜிலேபிக்குப் பிடிக்கும். கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டு இருக்கிற ஆற்றில் அதற்கு இடத்துக்கா பஞ்சம்?

எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குவது டாகின்சியா தாம்பிரபர்னியை என்ற சின்னக் கெண்டையை நினைத்துத்தான். இந்த ஆற்றின் பெயரையே அறிவியல் பெயராகக் கொண்ட மீன், இந்த ஆற்றுப் படுகைக்கே உரியது. இங்கே அழிந்தால் வேறு ஆற்றிலிருந்து கொண்டுவந்து விட முடியாது.

வெளிமீன் வருவதற்கு இரண்டு வழி. ஒன்று வீட்டுத் தொட்டி. மீன் பெரிதாகிவிட்டது, வீடு மாறுகிறோம், கொல்ல மனமில்லை என்று படித்துறையில் விட்டுவிடுகிறார்கள். அந்த இரக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது ஆற்றில் இருக்கிற மீன்களின் தலையில்தான் விடிகிறது. இன்னொன்று குளம். குத்தகைக் குளங்களில் விடுகிற கட்லா, ரோகுகூட வடக்கத்தி ஆற்று மீன்கள்தான். குளம் நிரம்பி மறுகால் வழியாகத் தண்ணீர் வெளியே பாயும்போது குளத்து மீன் ஆற்றுக்குப் போய்விடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, குளங்கள் உடைந்தன. உள்ளே இருந்த மீன் எங்கே போயிருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேரளத்தில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு சாலக்குடி ஆற்றில் அமேசான் ஆற்றின் அரபைமா என்ற பெரிய மீனே பிடிபட்டது.

பெருகிவிட்ட மீனை ஆற்றிலிருந்து முழுசாக எடுக்க வழியே இல்லை. அதனால் தொட்டி மீன் வேண்டாமென்றால் வாங்கிய கடையிலேயே கொடுங்கள், சில கடைக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள். வளர்க்கிற நண்பர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். டேங்க் கிளீனர் வலையில் மாட்டினால் திரும்பத் தண்ணீரில் போடாதீர்கள், உயிரோடு இன்னொரு குளத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ தூத்துக்குடி மீன்வளக் கல்லூரிக்கோ தெரிவியுங்கள்.

குளம் குத்தகைக்கு எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிரிக்கத் தேளி என்ற கெளுத்தி வகை மீனை வளர்ப்பது தடை செய்யப்பட்டது, யார் ஆசை காட்டினாலும் குஞ்சு வாங்காதீர்கள். மற்ற மீன் வளர்த்தால் ஐப்பசி மழைக்கு முன்பே மறுகாலில் கண்ணி சிறுத்த வலை கட்டுங்கள். தழை, குப்பை அடைத்துத் தண்ணீர் தேங்காதபடி மழை நாட்களில் தினமும் அதைத் துப்புரவு செய்ய ஆள் வையுங்கள்.