தக்காளிக்குள் வேகும் அரிசி

ரோம் நகரில் கோடை வந்தால், சமைத்த உணவு விற்கும் கடைகளில் ‘பொமொதோரி அல் ரீசோ’ தட்டுத் தட்டாக வந்துவிடும். பெரிய தக்காளியின் தலையைச் சீவி, உள்ளே குடைந்து, அரிசியை நிரப்பி, சீவிய துண்டையே மூடியாக வைத்து, சுற்றிலும் உருளைக்கிழங்கு போட்டு ஓவனில் சுடுவார்கள். உள்ளே போவது வேகாத அரிசி. தனியாகத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. அப்புறம் அரிசி எப்படி வேகிறது?

தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். குடைந்தெடுத்த சதையை மசித்து, உப்பு, ஆலிவ் எண்ணெய், பூண்டு, பேசில் இலை சேர்த்து, ஆர்போரியோ போன்ற குண்டு அரிசியை அதில் அரை மணி நேரமாவது ஊறவைப்பார்கள். விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பைத் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். சுவையைத் தூக்கிக் கொடுக்கும் குளூட்டமேட், வெளிச்சதையைவிட அதில்தான் அதிகம் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வெந்தால் அரிசி உப்பும் என்பதால் முக்கால் பாகம் நிரப்பினால் போதும்.

ஓவன் 180 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், ஈரம் இருக்கும்வரை தக்காளியின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டாது. அரிசியின் மாவுச்சத்து 70 டிகிரி வாக்கிலேயே நீரை இழுத்து வீங்கத் தொடங்கிவிடும். மூடி நீராவியை ஓரளவு பிடித்து வைப்பதால் மேலே உள்ள அரிசியும் காயாமல் வேகும். ஈரம் வற்றிய ஓரங்கள் மட்டும் 100 டிகிரியைத் தாண்டிச் சிவந்து மணக்கும்.

சரி, ஒரு மணி நேரம் சுட்டும் தக்காளி ஏன் குழைந்து விழுவதில்லை? செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பில் மெதுவாகத்தான் கரையும். புளித்தண்ணீர் ஊற்றிய குழம்பில் காய் லேசில் வேகாததும் இதனால்தான். தக்காளிக்கு நன்மை செய்யும் இதே புளிப்பு கிழங்குக்கு எதிரி. சாறு அதிகம் பட்ட கிழங்கு நடுவில் நறுக்கென்றே நிற்கும். ஆகவே கிழங்கைச் சின்னதாக வெட்டி, எண்ணெயும் உப்பும் பிசிறி, சாற்றை அளவாகத் தெளிக்க வேண்டும். ஓரம் முறுகி, தக்காளிச் சாறு ஏறிய அந்தக் கிழங்குதான், என்னைக் கேட்டால், தட்டில் முதலில் காலியாக வேண்டியது.

ரோமில் இதைச் சுடச்சுடச் சாப்பிடுவது குறைவு. ஆற ஆற அரிசி மிச்சச் சாற்றையும் இழுத்துக்கொண்டு இறுகும், வெட்டினால் சிதறாது. ஃப்ரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து மூலக்கூறுகள் மறுபடி நெருங்கிச் சேர்ந்து சோறு விறைத்துவிடும். மிதமாகச் சூடாக்கினால் மறுபடி இளகும்.